உளநோய் ஆராய்ச்சியும் நம் ஊர்க் கடமையும்

காய்ச்சல் கண்டவனை ஊரார் வீடு தேடி வந்து விசாரிக்கின்றனர். கால் முறிந்தவனைத் தூக்கிச் செல்ல நால்வர் தோள் கொடுக்கின்றனர். உள்ளம் முறிந்தவனைக் கண்டாலோ, வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். அயலார் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். 'கிறுக்கு' என்னும் ஒரு சொல்லால் அவன் பெயர் மறைகிறது. அவன் பழகிய தொழிலும் பெற்ற மக்களும் பேசிய நற்சொற்களும் அதனோடு மறைகின்றன. முதியோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவர் உண்ணாதிருப்பின் 'வயதாகிவிட்டது' என்கிறோம். உறங்காதிருப்பினும் அவ்வாறே கூறுகிறோம். பெற்ற மகன் பெயரை மறந்து திகைப்பினும், பகலெல்லாம் சுவரை நோக்கிக் கிடப்பினும், அதே விடையைக் கூறி அகல்கிறோம். வயது என்பது ஒரு நோயின் பெயரன்று என்பதை நாம் இன்னும் கற்றிலேம்.

இக்கட்டுரையில் நாம் நிறுவ விழைவது ஒன்றே. உளநோயுற்ற வயதுவந்தோரையும் முதியோரையும் முறைப்படி கண்டு, கேட்டு, எண்ணி, ஆராய்தல் பெருநகரத்து ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் உரியதோர் அலங்காரம் அன்று; நாரணாபுரம் போன்ற சிற்றூர்களும் உரிமையோடு கேட்டுப் பெறவேண்டிய உதவி அது. எண்ணப்படாத நோயாளன் பேணப்படான் என்பதே நம் கட்சி.

ஆராய்ச்சி என்றவுடன் கண்ணாடிக் குப்பிகளும் புகையும் நம்மவர் மனத்தில் தோன்றுகின்றன. வைத்திய ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் அத்துணை விந்தையானதன்று. ஒரே வகை நோயுற்றார் பலரை ஒரே அளவுகோல் கொண்டு நோக்குதல், நோக்கியதைக் குறித்துவைத்தல், நெடுநாள் பின்தொடர்தல், ஒரு சிகிச்சை பெற்றாரையும் பெறாதாரையும் ஒப்பிடுதல், முடிபைப் பலரறிய வெளியிடுதல் ஆகிய இவையே அதன் உறுப்புகள். இதற்கு நம் நாடு புதிதன்று. நம் வைத்தியர் நெடுங்காலமாகக் கையாண்ட சர்ப்பகந்தி வேரைக் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் ஆராய்ந்து, சித்தப் பிரமைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் அது பயன்படுமென்று 1931-ல் எழுதினர். அவ்வேரினின்று பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் என்னும் மருந்தைப் பின்னர் 1950-களில் மேலைநாட்டு மனநல மருத்துவரும் எடுத்தாண்டனர். 1952-ல் பாரிசு நகரில் குளோர்புரொமசைன் என்னும் மருந்து உளநோயாளர்க்குக் கொடுக்கப்பட்டது முதல், சங்கிலியும் பூட்டும் அன்றிப் பிறிதொரு வழியும் உண்டு என்று உலகம் நம்பத் தொடங்கியது.

மருந்தைக் கண்டுபிடித்தல் ஆராய்ச்சியின் ஒரு பாதியே. நோயின் போக்கை அறிதல் மற்றொரு பாதி. மனச்சிதைவு என்னும் நோய் ஒருவனைப் பற்றினால் அவன் வாழ்வு அன்றோடு முடிந்தது என்பதே படித்தவர் பாமரர் இருவர்க்கும் பொதுவான எண்ணமாயிருந்தது. இவ்வெண்ணம் மெய்யா பொய்யா என்று எவ்வாறு அறிவது? ஒரே வழிதான் உண்டு: நோய் தொடங்கிய நாள் முதல் அவனைக் கைவிடாது பின்தொடர்தல். சென்னையில் 1981-ல் அப்பணி தொடங்கப்பெற்றது. முதன்முறையாக அந்நோய் கண்ட 90 பேரைத் தேர்ந்துகொண்டு, 20 ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியர்கள் பின்தொடர்ந்தனர். வீடு மாறினாரைத் தேடிச் சென்றனர், இறந்தாரையும் குறித்தனர். தேடிக் கண்டவர்களுள் பெரும்பாலோர் நோய் வருவதும் தணிவதுமாக வாழ்ந்தனர். இடையறாது நோயிலேயே கிடந்தவர் சிலரே. 'முடிந்தது' என்ற தீர்ப்பை இருபதாண்டுப் பொறுமை மாற்றி எழுதிற்று.

இப்பணியில் ஈடுபட்ட டாக்டர் தாரா அவர்கள் சார்ந்திருந்தது, 1984-ல் டாக்டர் சாரதா மேனன் அவர்கள் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையம். கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பைப் பல்லாண்டு தாங்கிய அவ்வம்மையார், நோயாளர் வீடு திரும்பிய பின் அவர் வாழ்வு என்னாகிறது என்னும் கவலையால் அந்நிலையத்தைத் தோற்றுவித்தார். தம் 98-ஆம் வயதில், 2021-ல் அவர் மறைந்தார்.

ஆராய்ச்சியின் நேர்மைக்கு மற்றொரு சான்றும் இங்கே கூறத்தகும். உலக சுகாதார ஸ்தாபனம் 1960-களின் இறுதியில் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு நோயாளரை ஆராயத் தொடங்கியது. நம் நாட்டிலிருந்து ஆக்ரா நகரம் அதிற் சேர்ந்தது. செல்வ நாடுகளைவிட இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளில் நோயாளர் நன்கு தேறினர் என்னும் முடிபு அதனால் வெளிவந்தது. கேட்பதற்கு இனிய செய்தி. நம் கூட்டுக் குடும்பத்தின் பெருமை என்று கொண்டாடவும் ஏற்றது. ஆயினும், வறிய நாடுகளில் நோயாளர் நன்கு தேறுகின்றனர் என்பதை ஐயமற்ற உண்மையாகக் கொள்ளலாமா என்று வினவி 2008-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதனை எழுதிய நால்வருள் டாக்டர் தாரா அவர்களும் ஒருவர். தமக்குப் பெருமை தரும் முடிபையும் ஐயுற்று நோக்கும் மனத்திண்மையே ஆராய்ச்சி என்பது. புகழ்மொழியால் நோயாளன் வயிறு நிரம்பாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இனி, தமிழ் பயில்வோர் எளிதில் உணரத்தக்க ஒன்றைக் கூறுவோம். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், வைத்தியத்தை நான்கு உறுப்புடையதாக வகுக்கின்றார். நோயாளி, வைத்தியன், மருந்து ஆகிய மூன்றனோடு, நோயாளியின் அருகிருந்து பணி செய்வோனையும் ஓர் உறுப்பாக அவர் சேர்த்தெண்ணுகின்றார். உளநோயில் இந்நான்காம் உறுப்பே முதலுறுப்பாகிறது. என்னை? தனக்கு நோயுண்டென்றே அறியாதவன் தானாக வைத்தியனிடம் செல்லான். மருந்தையும் தானாக உட்கொள்ளான். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ல் தொடங்கிய மனநல நிலையத்தில் நோயாளியோடு உறவினரும் உடன் தங்கும் முறை மேற்கொள்ளப்பட்டது. நோயாளியை உள்ளே விட்டு உறவினரை வெளியே அனுப்பிய பழைய மாளிகைகளுக்கு இஃது எதிர்மாறான முறை.

ஆனால், நல்லெண்ணம் வேறு, நிறுவப்பட்ட உண்மை வேறு. அருகிருந்து உதவுவோரால் உண்மையிற் பயன் விளைகின்றதா என்பதையும் அளந்து பார்த்தனர். கோவாவிலும், மராட்டிய நாட்டுச் சத்தாராவிலும், நம் காஞ்சிபுரம் ஜில்லாவிலும் மனச்சிதைவு நோயுற்ற 282 பேரிடம் ஓர் ஒப்பீட்டு ஆராய்ச்சி நடைபெற்று, அதன் முடிபு 2014-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் வைத்தியரிடம் மட்டும் சிகிச்சை பெற்றனர். மற்றொரு பிரிவினர்க்கு அதனோடு கூட, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீடு தேடிச் சென்று உதவினர். இப்பணியாளர் வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர். ஓராண்டின் முடிவில் இரண்டாம் பிரிவினர் சற்றே மிகுதியாகத் தேறியிருந்தனர். வேறுபாடு பெரிதன்று, அதனை ஆராய்ச்சியாளரே ஒளியாது உரைத்தனர். ஆயினும் வைத்திய வசதி அரிதாயுள்ள இடங்களுக்கு இம்முறை ஏற்றது என்பது அதனாற் புலனாயிற்று. வைத்தியரை ஊர்தோறும் உண்டாக்க இயலாத நாட்டில், பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணைப் பயிற்றி ஊர்தோறும் அனுப்ப இயலும் என்பது சிறிய செய்தியன்று.

இனி முதியோரைப் பற்றி ஆராய்வோம். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயது கடந்த 1,000 பேரைக் கண்டு ஆராய்ந்த ஒரு கட்டுரை 2009-ல் வெளிவந்தது. அவர்களுள் நூற்றுக்கு 12.7 பேர் மனச்சோர்வு என்னும் நோயால் வருந்தினர். இவ்வெண்ணைக் காட்டிலும் நம் நெஞ்சைத் தொடுவது அதன் காரணங்களைப் பற்றி அவர்கள் கண்டது. வயது மிகுதியாலேயே சோர்வு மிகும் என்பது அங்கே மெய்ப்படவில்லை. குறைந்த வருவாய், இருதய நோய், நீரிழிவு, தலைக்காயம் ஆகியவற்றோடு, பசியும் அந்நோயோடு தொடர்புடையதாகக் காணப்பட்டது. ஆம், பசிதான், வேறெந்த நுட்பமான பெயரும் அதற்கு வேண்டா. மனம்விட்டுப் பேசத்தக்க நெருங்கியோர் பலரைப் பெற்ற முதியோர்க்கோ அந்நோய் குறைவாயிருந்தது.

அன்பர்களே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் அரிய மருந்துகளையெல்லாம் கைக்கொண்ட வைத்திய சாஸ்திரம், ஆயிரம் முதியோரிடம் அமர்ந்து கேட்டபின், ஒரு பிடி சோற்றையும் ஒரு பேச்சுத் துணையையும் நமக்குச் சுட்டிக்காட்டுகின்றது. 'இதனை அறிய ஆராய்ச்சி வேண்டுமோ? எம் பாட்டியே சொல்லுவாளே' என்பாரும் உளர். பாட்டி சொன்னாள், நாம் கேட்டிலேம். அவள் சொல் வீட்டுத் திண்ணையோடு நின்றது. ஆயிரம் பேர் சொல்லை ஒருங்கு திரட்டி எண்ணாக எழுதியபோது அது சர்க்காரின் மேசை வரை செல்லத் தகுதி பெற்றது. முதியோர் உதவித் தொகையைத் தாமதமின்றி வழங்குதலும் மதிய உணவில் முதியோர்க்குப் பங்களித்தலும் வெறும் தருமமல்ல, நோய்த்தடுப்பும் ஆகும் என்று வாதாட அவ்வெண் நமக்குக் கருவியாகிறது.

எண்ணுதலின் வலிமைக்கு அதே வட்டாரத்தினின்று மற்றொரு சான்று. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வோர் தொகையை அங்குள்ள சுகாதாரப் பணியாளர் வீடுவீடாகச் சென்று, இறந்தாருடைய உறவினரிடம் ஆதரவோடு வினவிக் கணக்கிட்டனர். 1994 முதல் 1999 வரை ஆண்டுதோறும் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 95 பேர் அவ்வாறு இறந்தமை தெரிந்தது. தேசம் முழுமைக்கும் சர்க்கார்க் கணக்குக் காட்டிய விகிதத்தைப்போல் இது பல மடங்கு. முதியோரிடையே அவ்விகிதம் இன்னும் மிகுந்திருந்ததும் பின்னர் அறியப்பட்டது. அச்சத்தாலும் நாணத்தாலும் 'வயிற்றுவலி' என்றும் 'தவறி விழுந்தார்' என்றும் எழுதப்பட்ட துயரங்கள், வீடு தேடிச் சென்று கேட்டபோதுதான் வெளிப்பட்டன. அத்தகைய எண்ணம் உடையாரைக் குற்றவாளியாகக் கருதாது, மிகுந்த மனவழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதவேண்டுமென 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்துள்ளது. 14416 என்னும் தொலைபேசி எண்ணில் யாரும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம் என்பதையும் வீட்டார் அறிந்திருத்தல் நன்று.

எண்ணாமை விளைக்கும் கேடு யாது? அதற்கு விடை இராமநாதபுரம் ஜில்லாவில் உள்ளது. ஏர்வாடியில் தர்காவைச் சூழ்ந்து, உளநோயாளரைத் தங்கவைக்கும் தனியார் விடுதிகள் பல இருந்தன. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் விடியுமுன் அவற்றுள் ஒன்றில் தீப்பற்றியது. ஓலைக் கொட்டகையுள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்துக்கொண்டது; அவ்வகை விடுதிகள் மூடப்பட்டன. இன்று மேற்கூறிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் உளநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று வெளிப்படையாகத் தடுக்கின்றது. ஆனால் அத்தீக்கு முன்னர் அவ்விடுதிகளில் எத்தனை பேர், எந்நோயால், எத்தனை ஆண்டு பிணிக்கப்பட்டுக் கிடந்தனர் என்று கேட்டவர் எத்துணையர்? அவர்கள் பிணமாகி வரிசையிற் கிடந்தபோதே நாட்டார் அவர்களை எண்ணினர். உயிரோடிருக்கும்போது எண்ணுவதற்கே ஆராய்ச்சி வேண்டுமென்கிறோம்.

தீயைப் பற்றிப் பேசுங்கால் நம் ஊரைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது. நாரணாபுரமும் சிவகாசியைச் சூழ்ந்த பிற ஊர்களும் பட்டாசாலும் தீப்பெட்டியாலும் அச்சுத் தொழிலாலும் வாழ்கின்றன. மழை குறைந்த கரிசல் நிலத்தில் வேளாண்மை பொய்த்தபோது வெடிமருந்தே எம்மக்களுக்குச் சோறிட்டது. அதனை நாம் இகழோம். ஆயினும் சோறிடும் அம்மருந்தே உயிரையும் வாங்குகின்றது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சிறு விபத்துகளோ ஆண்டுதோறும் நேர்கின்றன. இறந்தார் தொகையைப் பத்திரிகை அச்சிடுகின்றது. இழப்பீட்டுத் தொகையைச் சர்க்கார் அறிவிக்கின்றது. மூன்றாம் நாள் பேச்சு ஓய்கின்றது.

பிழைத்தவர் நிலை என்ன? தீக்காயம் ஆறிய பின்னும் இரவில் அலறி எழுபவனை எந்தக் கணக்கில் எழுதுவது? பித்தளைக் குடம் கீழே விழுந்த ஓசைக்கு உடல் நடுங்கி ஒடுங்கும் பெண்ணை யார் கண்டது? அடுத்த அறையில் உடன் வேலை செய்தவள் கரியானதைக் கண்ட பின்னும், கடனை எண்ணி மறுவாரமே அதே ஆலையிற் சென்று திரி வைப்பவள் உள்ளத்தில் நிகழ்வது யாது? மகனையும் மருமகளையும் ஒரே நாளில் இழந்து, பேரப் பிள்ளைகளை வளர்க்கும் எழுபது வயது முதியவள் மனச்சோர்வை யார் அளப்பது? வேலையில்லாத மழைநாள்களிற் குடியில் விழுந்தவன், துயரத்தாற் குடித்தானோ, குடியால் துயருற்றானோ? இவை வெற்று அலங்கார வினாக்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒழுங்காகக் கேட்கப்பட்டால் விடை கூறத்தக்க வினா. ஒவ்வொரு விடையும் ஒரு குடும்பத்தின் வாழ்வை மாற்றத்தக்கது.

நம் கட்சிக்கு எழக்கூடிய தடைகள் மூன்று.

முதலாவது தடை, 'தெய்வ சன்னிதி இருக்க ஆராய்ச்சி எதற்கு?' என்பது. நம் நாட்டில் கோயிலையும் தர்காவையும் மாதா கோயிலையும் நாடி உளநோயாளரை அழைத்துச் செல்வோர் பலர். அவர்களை ஏளனம் செய்தல் எளிது, அது அறிவுடைமையன்று. பெங்களூர் மனநல நிலையத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் வேறு வழியை மேற்கொண்டனர். திண்டுக்கல் ஜில்லாவில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரில் முத்துசுவாமி கோயில் உள்ளது. அங்கே தங்கிய உளநோயாளர் 31 பேரை அவர்கள் 2000-ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். பெரும்பாலோர் கடுமையான மனச்சிதைவு உற்றவர். சராசரியாக ஆறு வாரம் தங்கினர். மருந்தும் தனிச் சடங்கும் அங்கில்லை. காலை வழிபாடும், கோயிலைக் கூட்டுதல் போன்ற சிறு பணிகளுமே இருந்தன. வரும்போதும் போகும்போதும் ஒரே அளவுகோலால் அளந்ததில், நோய்க்குறியின் அளவு 52.9-இலிருந்து 42.9-ஆகக் குறைந்திருந்தது. 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் அதனை வெளியிட்டது. ஒப்பிடுதற்குரிய வேறு பிரிவு இன்மையானும், தொகை சிறிதாகையானும் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும் இது கற்பிப்பது பெரிது. ஏர்வாடியிற் சங்கிலி கொன்றது; இங்கே அடக்குமுறையற்ற ஆதரவு ஆற்றியது. இரண்டும் வழிபாட்டிடங்களை அடுத்தே நிகழ்ந்தன. ஆகவே நம்பிக்கையைக் குறைகூற வேண்டுவதில்லை. நம்பிக்கையின் நிழலில் நிகழ்வது யாது என்று பார்க்கவேண்டும். மெய்யான நம்பிக்கை சோதனைக்கு அஞ்சுவதன்று.

இரண்டாவது தடை, 'ஏழைகளைச் சோதனைப் பொருளாக்குவர்' என்பது. இது நியாயமான அச்சம். உலக வரலாற்றில் அவ்வாறு நிகழ்ந்ததும் உண்டு. இதற்கு மாற்று ஆராய்ச்சியை விலக்குதல் அன்று. அதற்கு வேலி இடுதலே. உளநோயாளரை ஆராய்ச்சிக்கு உட்படுத்துமுன், வெறும் கேள்வி கேட்பதாயினும், அவர்தம் சம்மதத்தைத் தெளிவாக விளக்கிப் பெறவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகின்றது. சம்மதம் தர இயலாதவரைப் பற்றி மாகாண அதிகார அமைப்பின் அனுமதி வேண்டும்; சம்மதித்தவரும் எப்பொழுது வேண்டினும் விலகலாம். கைந்நாட்டு வாங்குதல் சம்மதம் ஆகாது. விளங்கிக்கொண்டு 'வேண்டா' என்று சொல்ல உரிமையுள்ளவன் சொல்லும் 'ஆம்' என்பதே சம்மதம்.

மூன்றாவது தடை, 'முதலிற் கூலியை உயர்த்துக, ஆலையைக் காப்புடையதாக்குக, மனத்தைப் பின்னர்ப் பார்க்கலாம்' என்பது. இதனைக் கூறுவோர் நம் பகைவரல்லர், நண்பரே. கூலியும் காப்பும் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கணியம்பாடியிற் பசியை நோய்க்காரணங்களோடு சேர்த்து எழுதியது யார்? ஆராய்ச்சிதானே? உள்ளத்தை ஆராய்ந்தால் வயிற்றின் வழக்கும் வெளிப்படுகின்றது. இரண்டும் ஒரே மனிதனிடத்து உள்ளன அல்லவா?

இனிச் செய்யத்தக்கது யாது? விருதுநகரில் 2022 முதல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. மதுரையிலோ 1992-ல் தோன்றிய செல்லமுத்து அறக்கட்டளை உளநோயாளர் மறுவாழ்வில் அனுபவம் பெற்றுள்ளது. வெடிவிபத்தில் தப்பியவரையும், அவர் குடும்பத்தாரையும், ஆலைத் தொழிலில் முதுமையுற்றாரையும் பல்லாண்டு பின்தொடரும் ஆராய்ச்சியொன்றை இத்தகைய நிலையங்கள் மேற்கொள்ளுதல் வேண்டும். தீக்காயம் பட்டவரை ஆஸ்பத்திரியினின்று அனுப்பும்போது புண்ணைப் பார்ப்பதோடு உறக்கத்தையும் விசாரித்தல் வேண்டும். உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றி வீடுதோறும் அனுப்புதல் வேண்டும். கண்ட முடிபை ஆங்கில இதழில் வெளியிடுவதோடு நில்லாது, நாரணாபுரத்து மந்தையில் நின்று தமிழிற் படித்துக் காட்டுதல் வேண்டும். தன் துயரத்தைத் தந்தவனுக்கு அதன் பயனை அறியும் உரிமை உண்டு.

இவ்விடத்தில் தமிழ் பயிலும் மாணவராகிய நமக்கும் ஒரு தொண்டு காத்திருக்கின்றது. உளநோய் ஆராய்ச்சியில் இரத்தத்தைக் காட்டிலும் சொல்லே முதற்கருவி. கேள்வி பிழையாயின் விடை பிழையாகும். உலகெங்கும் மறதி நோயை அளக்க வழங்கிய பழைய வினாத்தாள், தேதியைக் கேட்கும். எழுதியதைப் படிக்கச் சொல்லும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும். பள்ளிக்கூடமே காணாது, ஏழு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்ற மூதாட்டி இவ்வினாக்களில் தோற்பாள். தோற்றது நினைவா, கல்வியா? இவ்விடரை உணர்ந்தே 10/66 என்னும் பெயருடைய ஆராய்ச்சிக் குழு 1998-ல் தோன்றியது. மறதி நோயுற்றாரில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் நூற்றுக்கு 10 பங்கும் அவர்களைப் பற்றி நிகழவில்லை என்பதே அப்பெயரின் பொருள். கல்லாதாரையும் கற்றாரையும் ஒப்ப அளக்கும் வினாமுறையை அக்குழு வகுத்தது. சென்னையும் வேலூரும் அம்முயற்சியிற் பங்கு கொண்டன. பிற்காலத்து நாடு தழுவிய ஆராய்ச்சி ஒன்று, 60 வயது கடந்த இந்தியருள் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுற்றவர் என மதிப்பிட்டு 2023-ல் வெளியாயிற்று.

இவ்வினாக்களை மக்கள் மொழியில் ஆக்குவோர் யார்? 'உமக்கு மனச்சோர்வு உண்டா?' என்று கேட்டால் எம்மூர்க் கிழவர் விழிப்பார். 'நெஞ்சு பாரமா இருக்கா?', 'சோறு தொண்டையில இறங்குதா?', 'எதுலயும் பிடிப்பு இல்லாம இருக்கா?' என்று கேட்டால் மடை திறந்தாற்போற் சொல்லுவார். அச்சொற்களைத் திரட்டுதலும், அவற்றின் பொருள் வேறுபாட்டை ஆய்தலும், வைத்தியர்க்கு எடுத்துரைத்தலும் மொழி கற்றார் கடமை. அகராதியிற் காணாத சொற்களில் நம் மக்களின் துயரம் குடிகொண்டிருக்கின்றது. சங்கப் பாடலின் துறையும் உள்ளுறையும் தேடி இரவெல்லாம் விழிக்கும் நாம், நம் தெருவிலிருந்து வரும் ஒரு பெருமூச்சின் பொருளைத் தேடுவதற்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிடலாகாதா?

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மூட்டையில் புத்தகங்களோடு இவ்வெண்ணத்தையும் கொண்டு செல்வோமாக. திண்ணையிற் சுவரை நோக்கிக் கிடக்கும் முதியவரிடம் சென்று அமர்வோம். உண்டாரா என்று கேட்போம். உறங்கினாரா என்று கேட்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை இருப்போம். வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டுமாயின் நாமே உடன் செல்வோம். ஆராய்ச்சியாளர் நம் ஊருக்கு வருமுன் அதன் முதற்பக்கத்தை நாம் எழுதத் தொடங்கலாம். அதற்குப் பட்டம் வேண்டா; பொறுமையாகக் கேட்கும் செவி போதும்.